உதிரி மாத்திரை

பெப்ரவரி. அசுன்சியோனில்
மழை விட்டும் விடாத இரவு.
மருந்துக்கடை வாசலில் கிடக்கும் டயருக்குள்
கொஞ்சம் வானம் தேங்கி
அதில் கொசுப்புழு நெளிகிறது.

பதினொன்றரைக்கு வந்தான் எவாரிஸ்தோ,
செங்கல் லாரி ஓட்டுபவன்.
கவுண்ட்டரில் இரு முழங்கையும் ஊன்றி
"கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி அடிக்கிறார்கள்.
எலும்பையெல்லாம் கழற்றி மாட்டியது போல வலி.
எப்போதும் வாங்குவதைக் கொடு, எர்மெலிந்தா."

எப்போதும் வாங்குவது இபுப்ரோஃபென்.
அறுநூறு மில்லிகிராம், சிவப்பு அட்டை.
அவன் முதுகுவலிக்கு
நானே கொடுத்துப் பழக்கியது.

எத்தனை நாள் காய்ச்சல்?
மூன்று.
கையை நீட்டச் சொன்னேன்.
முழங்கை மடிப்பில்
கடுகு வெடித்துத் தெறித்தாற்போல் செம்புள்ளிகள்.

இல்லை என்றேன்.
அலமாரியைக் கண்ணால் காட்டினான்.
இருக்கிறது. உனக்கு இல்லை.

எப்படிச் சொல்ல,
மாத்திரை பொய் சொல்லாது,
வலியை நிஜமாகவே அணைத்துவிடும்.
ஆனால் கிழிந்த இடத்துக்கு ஓடிவரும்
ரத்தத்தின் சின்னத் தையற்காரிகளில்
பாதிப் பேர் இந்தக் காய்ச்சலில் வேலைக்கு வரவில்லை;
வந்தவர்கள் கையையும் இது கட்டிப்போடும்.

போன கோடையில் நெலிதாவுக்குக் கொடுத்தேன்.
டெங்கு என்று அப்போது தெரியாது.
நாலாம் நாள் ஈறில் ரத்தம்,
ஐந்தாம் நாள் ஆம்புலன்ஸ்.
காய்ச்சலா, என் அட்டையா?
டாக்டர் தோளைக் குலுக்கினார்: "இருக்கலாம்."
அவள் பிழைத்தாள்.
இன்றும் என்னிடம்தான் ஷாம்பு வாங்குகிறாள்.
அந்த "இருக்கலாம்" மட்டும்
கல்லாவின் அடித்தட்டில்
செல்லாக் காசாய்க் கிடக்கிறது.

பாராசிட்டமாலை எடுத்துவைத்தேன்.
நாளைக்கு எத்தனை, அதற்குமேல் கூடாதென்று
அட்டையில் பேனாவால் எழுதினேன்.
உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இரண்டு.
காலையில் ரத்தப் பரிசோதனை.
காய்ச்சல் விட்டதும் தேறிவிட்டதாய் எண்ணாதே,
அப்போதுதான் கவனம்.

"இது குழந்தைக்குக் கொடுப்பது" என்று சிரித்தான்.
பணம் வைக்கவில்லை. தெருவைக் கடந்தான்.

எதிரே சிரியாக்கோவின் பெட்டிக்கடை.
சிகரெட்டுக்குப் பக்கத்தில், சீசாவில்
கத்தரித்த அட்டைத் துண்டுகள்.
பெயர் இல்லை, தேதி இல்லை,
கேள்வியும் இல்லை.

ஷட்டரைப் பாதி இறக்கினேன்.
குடையைத் தேடவில்லை.

நனைந்து நான் போய்ச் சேர்ந்தபோது
எவாரிஸ்தோவின் உள்ளங்கையில் இரண்டு சிவப்பு.
தெரெரே போட வைத்திருந்த ஐஸ் தண்ணீரை
சிரியாக்கோ அவனுக்கு நீட்டிக்கொண்டிருந்தான்,
நல்ல மனிதன்.

மூன்று பேரும்
அந்தக் கையையே பார்த்தபடி
நின்றுகொண்டிருந்தோம்.