ஏழாவது கட்டம்

தார்த்துவில் அந்த மே மாதம்
எங்கள் வீட்டுத் துணி துவைக்கும் அறைதான் தேர்வுக்கூடம்.
வாஷிங் மெஷின் மேல் மடிக்கணினி.
யாரும் மெஷினை ஓட்டக் கூடாது என்று
கதவில் ஒட்டியிருந்தேன்.
என் கணவர் மதித்தார்.
மூன்று நாள் ஈரத்துணிதான் மதிக்கவில்லை.

பதினோராவது மாணவன், தாவெத்,
சாரேமா தீவில் இருந்து.
வெளியாட்களுக்குப் படகு நின்று எட்டு வாரம்.
இணையம் மட்டும் தன் இஷ்டத்துக்கு
வந்து போய்க்கொண்டிருந்தது.

நோயாளி: சுருட்டிக் கட்டிய குளிர்காலப் போர்வை.
விலா எலும்புக்கு நீலச் சாக்பீஸ் கோடு,
மார்க்காம்புக்கு இரண்டு பொத்தான்.
போர்வையிடம் பெயர் கேட்டான்,
பிறந்த தேதி கேட்டான்,
தொடலாமா என்று அனுமதி கேட்டான்.
மூன்று மதிப்பெண்.
விரலை வைத்துத் தட்டினான்.
போர்வையில் எங்கே தட்டினாலும் ஒரே சத்தம்தான்.

என் மொழியில் ஒரு சங்கடம்.
வினைச்சொல்லுக்கு எதிர்காலம் கிடையாது.
கேட்கிறேன், கேட்பேன்
இரண்டுக்கும் ஒரே சொல்.
நாளைக்கு என்றோ பிறகு என்றோ
பக்கத்தில் ஒன்றைத் துணைக்கு நிறுத்தினால்தான்
அது முன்னால் நகரும்.
இத்தனை வருடம் இது எனக்கு இடைஞ்சலாக இருந்ததில்லை.
கண்ணெதிரே ஒரு முதுகு இருந்தால்
காலம் தானாகத் தெரிந்துவிடும்.

இந்த வருடம் திரைக்குத் திரை சொல்கிறார்கள்:
இதயத்தைக் கேட்கிறேன்.
வயிற்றை அழுத்துகிறேன்.
கால் வீக்கத்தைப் பார்க்கிறேன்.
கைகள் மடியில்.

தாளிலோ இரண்டே கட்டம்:
செய்தார், செய்யவில்லை.
கைராசிக்கு எந்த நாளும் கட்டம் இருந்ததில்லை,
கைக்காவது இருந்தது.

ஏழாவது கேள்வி:
நுரையீரலின் அடிப்பகுதியைக் கேட்டு
ஒலியை விவரிக்கவும்.
'கேட்கிறேன்' என்றான் தாவெத்.
படம் உறைந்துபோனது.

உறைந்த படத்தில் கேமராவுக்கு மிக அருகே
அவன் கைகள்.
கணுக்களில் வெடிப்பு.
கையுறை முடிகிற இடத்தில்
மணிக்கட்டைச் சுற்றிச் சிவந்த தடம்.
போர்வையைத் தொட்டுப் பழகிய கை இல்லை அது.

படம் அசைந்தது.
புத்தகத்தில் பதில் நான்கு சொல்.
அவன் அதைச் சொல்லவில்லை.
'ராத்திரி வேலை முடிந்து வரும்போது
வழியில் குட்டை மேல் மெல்லிசாய்ப் பனிக்கட்டி இருக்கும், டாக்டர்.
மிதித்துவிட்டுக் காலை எடுத்த பிறகும்
கொஞ்ச நேரம் உடைந்துகொண்டே இருக்கும்.
அந்தச் சத்தம்.'
பிறகு,
'ஹெல்யுவுக்கு இடது பக்கம் இன்னும் மேலே வரை.'

ஹெல்யு யார் என்று கேட்கத்
தேர்வாளருக்கு அனுமதி இல்லை.
கேட்டேன்.

முதியோர் இல்லம்.
பாத்திரம் கழுவத்தான் போயிருக்கிறான்.
நான்காம் நாள் மாடிக்குக் கூப்பிட்டார்கள்;
மாடியில் ஆள் இல்லை.
மாரெத் என்கிற நர்ஸ்
தன் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி
அவன் கழுத்தில் மாட்டியிருக்கிறாள்.
'இரண்டாம் வருஷமா? போதும், வா.'

எத்தனை பேரைக் கேட்டாய்?
'எண்ணவில்லை' என்றான்.
கொஞ்சம் கழித்து, 'பதினாறு.'

மணி அடித்தது. எட்டு நிமிடம் முடிந்தது.
போர்வைக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டான்.
ஒரு மதிப்பெண் கழித்தேன்.

திங்கட்கிழமை தேர்வுக் குழுவிலிருந்து போன்.
உங்கள் பதினோராம் தாளில்
ஏழாவது கட்டம் காலியாக இருக்கிறது, டாக்டர்.
செய்தாரா, செய்யவில்லையா?

பின்னால் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது.
கொஞ்சம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.
செய்தார் என்றேன்.
எப்போது, யாருக்கு
என்று அவர்கள் கேட்கவில்லை.