எழுதக் கூடாத பதினைந்து நிமிடம்

கேள்வித்தாள் வந்துவிட்டது.
பேனாவைத் தொடக் கூடாது.
வெறுமனே படித்துக்கொண்டிருக்கப்
பதினைந்து நிமிடம் தந்திருக்கிறது கேரள அரசு.
கூல் ஆஃப் டைம் என்று பெயர்.
பங்குனி வெயில், ஒழலப்பதி, தகரக் கூரை.
கிழக்கு ஜன்னலில்
கோயமுத்தூர்ப் பக்கத்துச் சூடு அப்படியே உள்ளே வருகிறது.
வேலந்தாவளம் செக்போஸ்டில்
அதை மட்டும் யாரும் நிறுத்துவதில்லை.

முதல் பக்கம் பரவாயில்லை.
வெர்சாய் உடன்படிக்கை, இரண்டு ஸ்கோர்.
ஆப்பிரிக்காவின் எல்லைகள் பல
நேர்கோடுகளாக இருப்பது ஏன், நான்கு ஸ்கோர்.
தெரியும்.
போகாத ஊருக்கு வழி சொன்னால்கூடப் போகட்டும்,
போகாத ஊரைப் பங்கு போட்டிருக்கிறார்கள்,
ஸ்கேல் வைத்து.

எங்கள் கோடு நேரானதில்லை.
வேலுச்சாமிக் கவுண்டர் தோட்டத்துக் கிணற்றை இந்தப் பக்கமும்
மோட்டார் ரூமை அந்தப் பக்கமும் விட்டுக்
கள்ளிவேலி ஓரமாகக் கோணிக்கொண்டு போகிறது.
கரண்டு தமிழ்நாடு. தண்ணி கேரளா.
தண்ணி இருந்தால்.

எட்டாம் வகுப்பு முடியாமலே முடிந்த வருஷம்தான்
அந்தக் கோட்டைக் கண்ணால் பார்த்தேன்.
ஒரு ஜேசிபி வந்தது.
மாவு மில்லுக்குப் போகிற இட்டேரியில்
இரண்டு டிப்பர் மண்ணை ஒதுக்கி மேடாக்கிவிட்டுப் போனது.
மில் அங்கே. ஊறப்போட்ட அரிசி இங்கே.
முத்தலிபு அங்கே.
மேட்டின் உச்சியில் உட்கார்ந்து,
மாஸ்க் தாடைக்குக் கீழே தொங்க,
அவனுடைய சமூக அறிவியல் புத்தகத்தைக் கொடுத்தான்.
தமிழ்நாட்டுப் பாடநூல், அட்டை இல்லை.
எங்களுக்கு மலையாளத்தில் வந்துவிட்டது,
தமிழில் அச்சாகிறது, அச்சாகிறது, அச்சாகிறது.
"நீயே வெச்சுக்க,
எங்களையெல்லாம் பாஸ் போட்டுட்டாங்க" என்றான்.

அவன் புத்தகத்தில்
நமது மாநிலத்துக்கு மழை ஐப்பசியில் வருகிறது.
பிறகு வந்து சேர்ந்த என் புத்தகத்தில்
நமது மாநிலத்துக்கு மழை இடவப்பாதியில் வருகிறது.
ரெண்டு நமதுக்கும் நடுவே
எங்கள் தென்னந்தோப்பு மண்டை காய்ந்து நிற்கிறது.
கேட்டால் மழை மறைவுப் பிரதேசம் என்பார்கள்.
அதையும் படித்துவிட்டேன், படத்தோடு.
மலைக்கு ஒரு பக்கம் அடர்த்தியாய்ச் சாய்கோடுகள்.
மறுபக்கம் ஒன்றுமே போடாமல் விட்ட வெள்ளைத் தாள்.
அந்த வெள்ளையில் எங்கோதான் எங்கள் வீடு,
அம்மா இந்நேரம் குடத்தை வரிசையில் வைத்திருப்பாள்.

கடைசிப் பக்கம், பெர்லின் சுவர்.
உடைத்தவர்கள் ஆளுக்கொரு துண்டை
ஞாபகார்த்தமாய்க் கொண்டுபோனார்களாம்.
எங்கள் மேட்டை யாரும் உடைக்கவில்லை.
ஒரு கூடை ரெண்டு கூடை என்று
செசிலி வீட்டு மாட்டுக் கொட்டாயை மேடாக்க அள்ளினார்கள்.
மிச்சத்தை ஒரு மழை கரைத்தது.
அது எந்த மாநிலத்து மழை,
பார்த்து வைக்கவில்லை.

செசிலி மூன்று பெஞ்சு தள்ளி
விரல்விட்டு எதையோ எண்ணுகிறாள்.
முதல் உலகப் போரின் காரணங்களாக இருக்கும்,
அவளுக்கு எப்போதும் ஒன்று குறையும்.
அவள் தலைக்கு மேலே
சுவரில் தொங்கும் உலகப் படத்தைப்
பரீட்சைக்காக நியூஸ்பேப்பர் ஒட்டி மூடியிருக்கிறார்கள்.
பேப்பர் போதவில்லை.
அடியில் அண்டார்டிகா மட்டும் தெரிகிறது,
காப்பியடிக்க யாருக்கும் உதவாத கண்டம்.

மணி.

எல்லாரும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்க
நான் ஆறாம் கேள்வியை எடுக்கிறேன்.
நமது மாநிலம் அதிக மழை பெறுவது
எந்தப் பருவக்காற்றினால்?
தென்மேற்கு, என்று எழுதுகிறேன்.
ஒரு ஸ்கோர்.

வெளியே பள்ளிக்கூடத் தொட்டிக்குத்
தண்ணி லாரி ரிவர்ஸில் வருகிறது.
கிளீனர் கத்துகிறான்:
ரைட்டு, ரைட்டு, ரைட்டு,
போதும்.