இருபத்தைந்தில் நான்கு

இருபத்தைந்து வாட் என்று
பெட்டியின் முகத்தில் எழுதியிருக்கிறது.
கம்பத்து உச்சிக்குப் போய்ச் சேர்வது நான்கு.
மீதி இருபத்தொன்றும்
நாற்பது மீட்டர் மெலிந்த கேபிளுக்குள்
யாரும் குளிர்காய முடியாத சூடாகி
ஈரப் புல்லடியில் அடங்கிவிடுகிறது.

காஸ்த்ரோ நகரில் நொல்பெர்த்தோ
மீன் பொட்டலத் தாளின் பின்புறம்
இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்.
"கேட்பதற்கும் இதே சுங்கம்தான், அம்மா.
போகும்போதும் பிடுங்கும்,
வரும்போதும் பிடுங்கும்."

நான் ஆகஸ்டை நினைத்தேன்.
சிலோவே தீவில் அது குளிர்காலம்.
கால்வாயில் இன்ஜின் நின்ற படகிலிருந்து
ரெனே ஹுவென்தேயோ கூப்பிட்டிருக்கிறான்.
எனக்கு வந்தவை உயிரெழுத்துகள் மட்டும்:
ஆ... ஏ... ஓ...
மெய் ஒன்றுகூட வரவில்லை.
காற்று என்று நினைத்து
ஒலியைக் குறைத்துவிட்டு
அடுப்பில் விறகு வைத்தேன்.

விடிகாலை இரண்டு மணிக்குத்
துடுப்பு போட்டே கரை சேர்ந்தான்.
"பதினோரு தடவை கூப்பிட்டேன்,"
அவ்வளவுதான் சொன்னான். திட்டியிருக்கலாம்.

நொல்பெர்த்தோ துண்டுகளை
மேசையில் நிறுத்தினார், வெட்டுமுகம் மேலே.
பென்சில் பருமன் ஒன்று: என் வீட்டில் இருப்பது.
விரல் பருமன் ஒன்று: நடுவே செம்பு,
சுற்றிலும் வெள்ளை நுரை,
அதன்மேல் தகடு, அதன்மேல் பின்னல்.
கட்டைவிரலை மிஞ்சியது ஒன்று,
"ஒருமுறை நெறித்து மடக்கினால்
மன்னிக்கவே மன்னிக்காது."

விரல் பருமனில் நாற்பது மீட்டர்
விலை கேட்டேன்.
ஒரு பருவம் முழுக்க நான் தோண்டிய சிப்பி.
"அப்போதும் பதினாறுதான் மேலே போகும்,"
என்றார் அந்த மனிதர்.
விற்கத் தெரியாதவர்.

பேருந்தில் வீடு திரும்பும்போது
தாளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன்.
இவ்வளவு நீளம் யார் கேட்டது?
ரேடியோ சமையலறையில்தான் இருக்கவேண்டும் என்று
எந்தக் கடல் சட்டம் போட்டது?

கம்பத்தின் காலடியில்
உருளைக்கிழங்குக் கொட்டகை இருக்கிறது.
பேட்டரியை முதுகில் சுமந்தேன்.
எலிகளோடு ஓர் உடன்படிக்கைக்கு வந்தேன்.
விரல் பருமனில் ஆறே மீட்டர் வாங்கி,
இணைப்பின்மேல் ரப்பர் நாடாவை
இழுத்து இழுத்துச் சுற்றினேன்,
மழைக்கு ஒரு மயிரிழை வழியும் விடாமல்.
பழைய இணைப்பைத் திறந்தபோது
உள்ளே செம்பு பாசிப் பச்சையாயிருந்தது,
ஒரு சொட்டு நீர் வெளியே உருண்டது.
ஆகஸ்டின் நீராக இருக்கலாம்.

இப்போது இருபத்துமூன்று ஏறுகிறது.
முப்பத்துநான்கு மீட்டரின் இழப்பை
என் முழங்கால் ஏற்றுக்கொண்டது,
தினமும் மாலை ஏழு மணிக்கு,
சேற்றில், மேட்டில், டார்ச்சோடு.

படகுகளின் பெயரை ஒவ்வொன்றாக அழைக்கிறேன்.
நேற்று ரெனே, தூண்டில் இரை விற்பவனை
வாயாரத் திட்டினான்.
க், ட், ர் எல்லாம் முழுசாக வந்தன.
குறுக்கிடாமல் கடைசிவரை கேட்டேன்.

பழைய கேபிளை இரண்டு மரங்களுக்கிடையே
துணிக்கொடியாகக் கட்டியிருக்கிறேன்.
இந்தத் தீவின் மழையில்
அதில் போட்ட எதுவும்
இன்றுவரை முழுதாகக் காய்ந்ததில்லை.