நஷ்ட மதிப்பீடு

டோனோவாலியில் காலை நாலே கால்.
இறக்கிவிட்ட டாக்சிக்காரர் கேட்டார்:
"மலைக்கா? இந்நேரத்திலா?
யார் துரத்துகிறார்கள்?"
சில்லறையை வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

வாரம் ஐந்து நாள்
ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக
ஆலங்கட்டி குத்திய கார்க் கூரைகளை,
நனைந்து இறுகிய மாவு மூட்டைகளை,
ஒருமுறை ஒரு தேவாலய மணியின் விரிசலை
தடவிப் பார்த்து
எண் எழுதித் தருபவள் நான்.
எதற்கும் ஒரு விலை உண்டு.
இல்லையென்றால்
அதற்கென்று ஒரு படிவம் உண்டு.

முதல் முகட்டுக்கு ஆட்டுமுதுகு என்று பெயர்.
அதன் மறுபக்கச் சரிவில்
ஆடே உட்கார்ந்துதான் இறங்கும்.
நானும் உட்கார்ந்தேன்.
அடுத்ததற்குச் சொறியன்.
பெயர் வைத்தவன் ஏறிப் பார்த்திருக்கிறான்.
நெற்றி விளக்கின் வட்டத்தில்
ஒரு கல், ஒரு வேர், ஒரு கல்.
மூச்சு முதலில் கெஞ்சியது,
பிறகு வைதது,
பிறகு எப்போதோ
வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கத் தொடங்கியது.

மரங்கள் முடிந்த இடத்தில்
வெளிச்சம் வந்துவிட்டிருந்தது.
குட்டைப் பைன் புதர்களுக்கு மேல்
வெறும் புல்முதுகு,
கிழக்கே, கண் போகும் வரை.
கற்களில் சிவப்புக் கோடு.
அதைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.
ஏற்றத்தில் ஓடவில்லை. பொய் எதற்கு?
கையைத் தொடையில் ஊன்றி நடந்தேன்.
அவுரிப்பழம் பறிக்கக் குனிந்தபோது
நிமிர மறந்தது முதுகு.
ஒரு வரையாடு என்னைப் பார்த்தது.
மதிப்பிட்டது என்றே நினைக்கிறேன்.
மேய்ச்சலைத் தொடர்ந்தது.

சோப்போக் உச்சிக்குக் கீழே
கேபிள் கார் வந்து நிற்கும்.
அதிலிருந்து இறங்கிய குடும்பம்
செருப்புக் காலோடு எனக்கு முன்னால் வரிசையில்.
எட்டு மணி நேரம் நான் வந்த உயரத்துக்கு
அவர்கள் வந்தது கால் மணியில்.
அதே ஜன்னல், அதே முட்டைக்கோஸ் சூப்,
அதே விலை.
ஆனால் அவர்கள் பையன்
சூப்பில் கிடந்த தொத்திறைச்சியைத் தள்ளி வைத்தான்.
நான் கிண்ணத்தை ரொட்டியால் துடைத்தேன்,
பிறகு விரலால்,
பிறகு யாரும் பார்க்காதபோது, நாக்கால்.

தும்பியரைத் தாண்டி அடுத்த குடில்.
அங்கே சாலை இல்லை, கேபிள் இல்லை;
எல்லாம் ஆள் முதுகில்தான் ஏறும்.
சுவரோரம் சுமையை இறக்கிக்கொண்டிருந்தான் இமிரிக்.
மரச்சட்டத்தில் பீர்ப் பீப்பாய்,
உருளைக்கிழங்கு, எரிவாயு,
எல்லாவற்றுக்கும் மேலே
நூல் கட்டிய அட்டைப் பெட்டியில்
யாருக்கோ பிறந்தநாள் கேக்.
"அறுபத்தெட்டு கிலோ," என்றான்.
கேக்கை எடுத்து வைத்துவிட்டு
என்னைத் தூக்கிப் பார்க்கச் சொன்னான்.
எழுந்தேன். இரண்டு அடி.
மூன்றாவதற்குள் அவன் பிடித்துக்கொண்டான்.
"உங்களுக்குக் கிலோவுக்கு எவ்வளவு?"
நான் எதையும் சுமக்கவில்லை என்றேன்.
"பின்னே ஏன் இப்படி வேர்த்திருக்கிறது?"

கிண்டலில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.
எனக்குப் பதில் வரவில்லை.
ஒரு கோஃபோலா வாங்கிப் பாதி பாதி குடித்தோம்.

செர்த்தோவித்சா இறக்கத்தில் விழுந்தேன்.
பழக்கம் விடுமா?
கிடந்தபடியே படிவத்தை நிரப்பினேன்.
இழப்பு: இடது பெருவிரல் நகம், ஒன்று.
உள்ளங்கைத் தோல், ஒரு நாணய அளவு.
ஒரு ஞாயிற்றுக்கிழமை, முழுதாக.
காரணம்: உரிமையாளரே.
எஞ்சியவை என்ற கட்டத்துக்கு வந்தபோது
எறும்பு ஏறத் தொடங்கியது. எழுந்துவிட்டேன்.

பேருந்துப் படியில்
வலது காலை இரு கையாலும்
தூக்கி வைக்க வேண்டியிருந்தது,
யாருடைய சாமானையோ போல.
ஓட்டுநர் காத்திருந்தார்.

திங்கள் காலை,
வெள்ளம் புகுந்த அச்சகம் ஒன்றில்
நிலவறைப் படிகளில்
கோப்பை மார்போடு அணைத்து
பின்பக்கமாக இறங்கினேன்.
முதலாளி திருமதி ஹ்ருஷ்கோவா
விளக்கைப் பிடித்தபடி
ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஒவ்வொரு படியும் தொடையைத் தட்டி
"இருக்கிறாயா?" என்றது.
பதினான்கு படிகள்.