பிழையில்லாத ஒரு வசனம்

இந்த நாட்டுப் படிவங்களில்
நிறத்துக்குக் கட்டம் கிடையாது.
பெயர், பிறந்த திகதி, பிறந்த ஊர்.
எல்லாரும் ஒன்று, எண்ணக் கூடாது,
அது சட்டம்.

நான் எண்ணுகிறவள்.
ஒரு நாளைக்குப் பதினேழு அறை,
முப்பத்துநாலு தலையணை உறை.
வரவேற்பு மேசையில் கமீய்,
அவளுடைய கழுத்தில் பட்டுத்துணி.
எங்களை மேய்க்கப் போர்த்துக்கல்காரி மதாம் பிந்தோ.
பெட்டி தூக்க ஒரு அல்ஜீரியப் பெடியன்.
நிலவறையில், ஊத்தைத் துணி மூட்டைகளுக்கு நடுவில்,
கும்பாவும் நானும்.
ஒப்பெரா பக்கத்து இந்த ஹோட்டலில்
மேலே ஏற ஏற ஆட்கள் வெளிறிப் போவார்கள்.
யாரும் எழுதி வைக்கவில்லை.
லிஃப்ட்டுக்குத் தெரியும்.

கும்பா மாலி நாட்டுக்காரி.
எங்கள் பாஷையில் அது சோறு போட்டுத் தின்கிற ஏனம் என்றேன்.
மூன்றாம் மாடி முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தாள்.
பசித்தால் என்னைத் தேடு என்றாள்.

தேர்தல் மாதம்.
முன்கூடத்துத் தொலைக்காட்சியில், சத்தமில்லாமல்,
ஒரு கனவான் கைகளை விரிக்கிறார்.
அடியில் எழுத்து ஓடுகிறது:
எங்கள் வீடு நிரம்பிவிட்டது.
கும்பா வாசித்துவிட்டு வாளியை மாற்றிப் பிடித்தாள்.
'கக்கூஸை ஆர் கழுவுறதாம், கேட்டுச் சொல்லு.'

அவளுக்கு அப்போது இருக்க இடமில்லை.
மூன்று மாதமாய்த் தேடுகிறாள்.
தொலைபேசியில் இருக்கிற அறை
சிசோக்கோ என்று பெயர் சொன்னதும் இல்லாமல் போகிறது.
என்னிடம் கேட்டாள்.
பொபினியில் எங்கள் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது,
மகன் லியோனுக்குப் போன பிறகு.
இவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

இவர் ஒவ்வொரு மே மாதமும்
ரிப்பப்ளிக் சதுக்கத்தில் நின்று
இனவாதம் ஒழிக என்று தொண்டை கிழியக் கத்துகிறவர்.
ஊரிலிருந்து கொண்டுவந்த சொல் அது,
ஒரேயொரு அரசாங்கத்துக்கு அளவெடுத்துத் தைத்தது.
சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலை நிமிராமல் கேட்டார்:
'கறுவலுக்கோ?
சனம் என்ன சொல்லும்?'
நான் மறுத்துப் பேசவில்லை.
உள்ளதைச் சொன்னால்,
அந்தச் சொல் அவருடைய வாயிலிருந்து வந்தது
எனக்கு ஆறுதலாக இருந்தது.

தொண்ணூற்றொன்றில்
வயிற்றில் பிள்ளையோடு
லா சப்பல் மூலையில் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்றேன்.
பதினொரு இலக்கங்கள்.
பதினொரு குரல்கள், எல்லாமே மரியாதையான குரல்கள்.
'தெஜா லுவே, மதாம்.'
ஏற்கெனவே வாடகைக்குப் போய்விட்டது, அம்மணி.
சந்தையில் விலை கேட்கப் பழக முன்,
வைத்தியரிடம் எங்கே நோகிறது என்று சொல்லப் பழக முன்,
நான் முழுதாகப் படித்த முதல் பிரெஞ்சு வசனம் அதுதான்.

திங்கட்கிழமை
துணி அடுக்குகிற அறையில்
கும்பா என் முகத்தைப் பார்த்தாள்.
நான் துவாய்களைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.
தெஜா லுவே.
முப்பது வருடமாய் என் நாக்கு தடுக்குகிற மொழி
அன்றைக்கு எண்ணெய் விட்டதுபோல் போனது.
என் உச்சரிப்பை எப்போதும் பகிடி பண்ணுகிறவள்
அந்த முறை எதையும் திருத்தவில்லை.
'வடிவாய்ச் சொல்லுறாய்,' என்றாள்.

பிறகு இருநூற்றுப் பதினாலுக்குப் போனோம்.
பெரிய கட்டில், விரிக்க இரண்டு பேர் வேண்டும்.
அவள் அந்த முனை, நான் இந்த முனை.
உதறினோம்.
விரிப்பு காற்றில் எழும்பி
கொஞ்ச நேரம் அவளை மறைத்தது.
நான்கு மூலையும் செருகினோம்,
ஒரு சுருக்கம் இல்லை,
மதாம் பிந்தோ கையால் தடவிப் பார்த்துத் தலையாட்டினார்.

இப்போது அவள் யாரோ ஒன்றுவிட்ட தங்கையின் வீட்டில்,
கூடத்து நிலத்தில்
ஒரு பாயில் படுக்கிறாளாம்.
கமீய் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பொபினியில் அந்தக் கதவு பூட்டிக் கிடக்கிறது.
சனிக்கிழமைகளில் திறந்து
தூசு தட்டி,
யாரும் படுக்காத விரிப்பை மாற்றுகிறேன்.
பதினெட்டு.