வடிகட்டி

ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும்.
சட்டம். சொன்னேன்.
அந்த ஒரு நாளில் டெல்ஃபின் ஷார்ட்ராண்ட்
வீட்டையே துடைத்து வைத்திருந்தாள்.
சோபாவுக்குப் புது விரிப்பு.
எலுமிச்சை வாசனை, கொஞ்சம் கூடுதலாகவே.
அடுப்படி மூலையில் வட்டமாய் ஓர் ஈரத்தடம்;
கிண்ணத்தைக் காணோம்.

நான் எதையும் கேட்கவில்லை.
ஹீட்டரைப் பார்க்க வந்ததாகச் சொல்லி
நிலவறைக்கு இறங்கினேன்.

வீட்டைப் பெருக்குகிறவர்கள் யாரும்
வடிகட்டியை நினைப்பதில்லை.
உருவி, பல்பின் கீழே பிடித்தேன்.
ஒரு ஸ்வெட்டர் பின்னலாம்,
அவ்வளவு வெள்ளை முடி.
மூன்று மாதமாய் வீடு இழுத்த மூச்சிலெல்லாம்
ஒரு நாய்.

"எனக்கு முடி கொட்டுகிறது, மிஸ்டர் ஹவ்ரிலுக்"
என்றாள் படியில் நின்று.
அவள் கூந்தல் கன்னங்கறுப்பு.
அதை இருவருமே கவனித்தோம்.

மேலே வந்து
ஏழாம் ஷரத்தைச் சொல்ல வாயெடுத்தபோது
ஜன்னலில், எதிர்ச்சாரியில்,
எஞ்சின் அணைக்காத ஒரு கார்.
பக்கத்து வீட்டுக்காரன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி
என்னைப் பார்க்காமல் இருந்தான், மிகுந்த சிரமப்பட்டு.
பின்கண்ணாடியில் ஆவி படர்ந்தது, கலைந்தது, படர்ந்தது;
நடுவில் மூக்கு தேய்த்த இடம் மட்டும் தெளிவு.

வினிபெக்கில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
எனக்கு இன்னும் இரண்டு அறை பாக்கி.

"பார்த்தாயிற்று" என்றேன்.
கையுறையைக்கூட வண்டியில்தான் மாட்டினேன்.

நோட்டில் எழுதியது:
வடிகட்டி இனி மாதம் ஒருமுறை மாற்றவும்.
செலவு குடியிருப்பவருடையது.

நான் ஒன்றும் இளகியவன் இல்லை.