இடது காது

டீ பெல் அடித்துப் பத்து நிமிஷம்.
கட்டிங் டேபிள் காலில் சாய்ந்து
சென்னியப்பன் கொட்டாவி விட்டான்,
வாய் நிறையத் தேங்காய் பன்னோடு.
மூன்றாவது நாளாக ஒன்றரை ஷிப்ட்.
ஒரு கண் மூடி, ஒன்று பாதியில்.

நான்தான் எடுத்தேன்.
நான்தான் விரல் நுனியால் ஓரம் ஓட்டி
அவனை அங்கிருந்து பிரித்தேன்:
துணிக்கட்டு போச்சு, டியூப் லைட் போச்சு,
இரவு பதினொன்றே கால் காட்டிய சுவர்க் கடிகாரம் போச்சு.
முகம் மட்டும் மிச்சம்.
கீழே 'ஷிப்மெண்ட் போயிருச்சு' என்று எழுதினேன்.

செக்கிங் குரூப்பில் எல்லாரும் சிரித்தார்கள்.
அவனும் சிரித்தான்.
சூப்பர்வைசருக்கே அனுப்பினான்.
அதனால் பரவாயில்லை என்று நினைத்தேன்.
ஏனுங்க, நீங்களும் அப்படித்தானே நினைப்பீங்க?

ஞாயிற்றுக்கிழமை ஊத்துக்குளி ரோட்டில்
கறிக்கடை வரிசையில் நின்றபடி
தாராபுரத்துச் சித்தி மகன் மிதுனேஷிடம்
சாப்ட்டியாடா என்று கேட்டேன்.
பதிலுக்குச் சென்னியப்பன் வந்தான்.
அதே பன். அதே அரைக்கண்.
எழுத்து மட்டும் வேறு: 'சரக்கு ஓவர் மாப்ள'.

அவன் குடிக்க மாட்டான்டா, என்றேன்.
யாரு, என்றான்.
அந்த ஃபோட்டோவுல இருக்கறவன்.
அதற்கும் அதே ஸ்டிக்கரை அனுப்பினான்.

எனக்கு வேலை குறை பார்ப்பது.
ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்,
கண்ட இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டுவேன்.
சரிபண்ணியதும் அம்பை உரித்துவிடுவார்கள்.
நாளைக்கு எண்ணூறு பீஸ்.
அம்போடு பெட்டிக்குள் போனது
இதுவரை ஒன்றுகூட இல்லை என்று
வீட்டில் பீத்திக்கொள்வேன்.

என்ற ஃபோனில் அழித்தேன்.
குரூப்பில் அழிக்கப் போனால் நாள் கடந்துவிட்டது.

திங்கட்கிழமை கட்டிங் பக்கம் போய்,
அந்த ஸ்டிக்கர் நான் பண்ணுனதுங்க, என்றேன்.
மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை.
இன்னொரு தரம் கத்தும்போது
மெஷின் நின்றுவிட்டது.
எட்டுப் பேர் திரும்பினார்கள்.

தெரியும், என்றான்,
சாக்பீஸ் கோட்டிலிருந்து கண்ணெடுக்காமல்.
பெருந்துறையில் எங்க அக்கா வீட்டுக்காரர்
போன வாரமே அனுப்பிட்டார்,
இந்தப் பழக்கம் எப்ப இருந்துன்னு கேட்டு.

பிறகு,
ஓரம் வெட்டத் தெரியலைங்க உங்களுக்கு.
இடது காதுல பாதியைக் காணோம்.

நான் அவன் காதைப் பார்த்தேன்.
முழுசாக இருந்தது.
மடலில் ஒரு துளி பஞ்சு.